தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் ஓடும் இணையம்

இந்தியாவில் இன்று பத்து இலக்க எண்ணை அழுத்திப் பேசும் சாதாரணக் கைப்பேசி அழைப்புகளில் பெரும்பாலானவை, வாட்ஸ்அப் அழைப்பைப் போலவே, இணைய நெறிமுறையின் தரவுப் பொட்டலங்களாகத்தான் பயணிக்கின்றன. பேசுகிறவருக்கு இதைக் காட்டும் அடையாளம், திரையின் மேல் ஓரத்தில் சிக்னல் கோடுகளை ஒட்டித் தெரியும் ‘வோல்ட்டி’ (VoLTE: 4ஜி வழியே செல்லும் குரல்) என்ற சிறிய எழுத்து மட்டுமே. ஆயினும் அன்றாடப் பேச்சில் ‘நெட் கால்’ என்றும் ‘நார்மல் கால்’ என்றும் இரண்டாகப் பிரித்தே சொல்கிறோம். தொழில்நுட்பத்தைப் பார்த்தால் அந்தப் பிரிவினைக்கு இப்போது பெரிய அடிப்படை கிடையாது. ஆனால் அழைப்பு கிடைக்காமல் போனால் யாரைக் கேட்பது, அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் இணைப்பு கிடைக்குமா, வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரிடம் அழைப்பைக் கொண்டுசேர்ப்பது யாருடைய கடமை, நடுவில் யார் ஒட்டுக்கேட்க முடியும் என்ற கேள்விகளில் அந்தப் பிரிவினை இன்னும் முழு உயிரோடு இருக்கிறது.

தொலைபேசி நிறுவனங்கள் இணையவழியில் தரும் அழைப்பு, செய்திச் சேவைகளை மதிப்பிட விரும்புகிறவர் இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. கடந்த பதினைந்து ஆண்டுகளில் அந்நிறுவனங்கள் இத்துறையில் மேற்கொண்ட முயற்சிகளில் நிலைத்தவை, தொலைபேசி எண்ணோடும் அதற்குரிய கடமைகளோடும் சேர்த்துக் கட்டப்பட்டவை. செயலிகளோடு செயலியாகப் போட்டியிட வந்தவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

ஓர் அழைப்பு போகும் வழி

பழைய தொலைபேசி வலைப்பின்னலில் அழைப்பு இணைந்தவுடன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு தனிச் சுற்று ஒதுக்கப்படும். இருவரும் பேசாமல் இருந்தாலும்கூட, அழைப்பைத் துண்டிக்கும்வரை அது அவர்களுக்கே உரியது. 2ஜி, 3ஜி கைப்பேசிகளின் குரல் அழைப்பும் இந்த ஏற்பாட்டையே பின்பற்றியது. 4ஜி எனப்படும் எல்.டி.இ. வடிவமைக்கப்பட்டபோது இந்தச் சுற்று முறை அதில் சேர்க்கப்படவே இல்லை. முழுக்க முழுக்கத் தரவுக்காக எழுந்த அந்த வலைப்பின்னலில் குரலை அனுப்ப இரண்டு வழிகள் இருந்தன. அழைப்பு வரும்போதெல்லாம் கைப்பேசியை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கிவிடுவது ஒன்று. 2016 வாக்கில் 4ஜி சிம் வைத்திருந்த பலர் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்: அழைப்பு வந்ததும் 4ஜி குறி மறைந்து ‘எச்’ என்றோ ‘இ’ என்றோ மாறும், மணி ஒலிக்கச் சில விநாடி கூடுதலாகும், 2ஜிக்கு இறங்கிவிட்டால் ஓடிக்கொண்டிருந்த பதிவிறக்கம் அப்படியே நின்றுவிடும். மற்றொரு வழி, குரலையும் பொட்டலங்களாக்கி 4ஜியிலேயே அனுப்புவது.

இரண்டாம் வழிக்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. கைப்பேசித் தொழில்நுட்பத்தின் தரங்களை வகுக்கும் 3ஜி.பி.பி. அமைப்பு, இணைய நெறிமுறை வழியே குரலையும் பிற சேவைகளையும் தருவதற்கான ஐ.எம்.எஸ். என்ற கட்டமைப்பைத் தனது ஐந்தாம் வெளியீட்டில், 2002 வாக்கிலேயே வரையறுத்துவிட்டது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இணைய உலகம் உருவாக்கியிருந்த எஸ்.ஐ.பி. நெறிமுறையையே அது எடுத்துக்கொண்டது. இருந்தும் பத்தாண்டுகள் அது பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது. 2009 நவம்பரில் சில நிறுவனங்கள் ‘ஒன் வாய்ஸ்’ என்ற பெயரில் ஒரு பொது வரையறைக்கு உடன்பட்டன. 2010 பிப்ரவரியில் உலகக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. அதை ஏற்றுக்கொண்டது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் மெட்ரோ பி.சி.எஸ். நிறுவனம் டாலஸ் பகுதியிலும், அதே மாதம் எஸ்.கே. டெலிகாம், எல்.ஜி. யு பிளஸ் ஆகியவை தென்கொரியாவிலும் இந்தச் சேவையைத் தொடங்கின.

வோல்ட்டி அழைப்பு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எண்ணை அழுத்தியதும் கைப்பேசி ஓர் அழைப்பு விண்ணப்பத்தை ஐ.எம்.எஸ். வழங்கிக்கு அனுப்புகிறது. எதிர்முனை கண்டறியப்பட்டதும், குரலுக்கென்று ஒரு தனி வானொலித் தடம் டவருக்கும் கைப்பேசிக்கும் இடையே திறக்கப்படுகிறது. பேச்சு 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, விநாடிக்கு 50 பொட்டலங்களாகப் புறப்படுகிறது. பேச்சைச் சுருக்கித் தரவாக்கப் பரவலாகப் பயன்படும் ஏ.எம்.ஆர். அகலப்பட்டைக் குறிமுறையின் 12.65 கிலோபிட் வேகத்தில், ஒவ்வொரு பொட்டலத்திலும் இருக்கும் உண்மையான குரல் ஏறத்தாழ 32 பைட் மட்டுமே. அதை எங்கே சேர்ப்பது என்று சொல்லும் முகவரித் தலைப்புகள், இணைய நெறிமுறையான ஐ.பி.யின் ஆறாம் பதிப்பில், 60 பைட். உள்ளே இருக்கும் கடிதத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கனம் உறைக்கு. தொலைபேசி நிறுவனம் தன் டவருக்கும் கைப்பேசிக்கும் இடைப்பட்ட தூரத்தில் இந்தத் தலைப்புகளைச் சில பைட்டுகளாகச் சுருக்கிவிடுகிறது. மீண்டும் மீண்டும் ஒரே முகவரிக்குத்தானே போகிறது. அதோடு, அந்தத் தடத்துக்கு உறுதியளிக்கப்பட்ட வேகமும் வீடியோ, பதிவிறக்கம் ஆகியவற்றுக்கு மேலான முன்னுரிமையும் உண்டு.

செயலி அழைப்புக்கு இந்த வாய்ப்புகள் கிடைப்பதில்லை. அது சாதாரணத் தரவுத் தடத்திலேயே, பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கும் கிரிக்கெட் ஒளிபரப்போடு முண்டியடித்துப் போகிறது. டவரின் எல்லையோரத்தில், திருவிழாக் கூட்டத்தில், மாலை நேர நெரிசலில் வாட்ஸ்அப் அழைப்பு உடைந்து உடைந்து கேட்க, அதே இடத்தில் அதே 4ஜியில் சாதாரண அழைப்பு தெளிவாகக் கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம். குரலின் தரத்திலும் பழைய தொலைபேசியோடு ஒப்பிட முடியாத வேறுபாடு இருக்கிறது. முந்தைய வலைப்பின்னல்கள் பெரும்பாலும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. அகலப்பட்டைக் குறிமுறை 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. ‘ஸ’வையும் ‘ஃப’வையும் பிரித்தறிய உதவும் மேல் அலைவெண்கள் இப்போதுதான் நம் காதுக்கு வந்து சேர்கின்றன.

நிமிடக் கணக்கு செல்லாத காலம்

மேலே சொன்ன பைட் கணக்கில் ஒரு பொருளாதார உண்மையும் அடங்கியிருக்கிறது. தலைப்புகளைச் சுருக்காமல், இரு திசைகளையும் சேர்த்தாலும், ஒரு நிமிடப் பேச்சு ஒரு எம்.பி.யை எட்டாது. நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று குரலை விற்று வளர்ந்த ஒரு தொழில், அந்தக் குரல் தரவின் அளவில் ஒரு துளி என்று வெளிப்பட்டபோது என்ன செய்வது என்று தடுமாறியது. நாட்டுக்கு நாடு அந்தத் தடுமாற்றம் வேறு வேறு வடிவம் எடுத்தது.

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. ஆனால் கணினியிலிருந்து கணினிக்கும், இங்குள்ள கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் மட்டுமே. உள்நாட்டுத் தொலைபேசி எண்ணோடு அதை இணைக்கக் கூடாது. பிரவுசிங் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருந்த உறவினரோடு குறைந்த செலவில் பேச முடிந்ததும், அதே கணினியிலிருந்து பக்கத்து ஊருக்குப் பேச முடியாமல் போனதும் இந்த விதியால்தான். தொலைபேசி நிறுவனங்களின் உள்நாட்டு வருமானத்தைக் காத்த சுவர் அது.

ஸ்மார்ட்போன் வந்ததும் சுவரின் பயன் போய்விட்டது. 2011-இல் நெதர்லாந்தின் கே.பி.என். நிறுவனம் வாட்ஸ்அப், ஸ்கைப் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு, எல்லாத் தரவையும் பாரபட்சமின்றி நடத்தும் இணையச் சமத்துவத்தைச் சட்டமாக்கும் அளவுக்கு அந்நாட்டைக் கொண்டுசென்றது. இந்தியாவில் அதே காட்சி 2014 டிசம்பரில் அரங்கேறியது. செயலிவழி அழைப்புகளுக்கு 3ஜியில் 10 கே.பி.க்கு 4 பைசா, 2ஜியில் 10 கே.பி.க்கு 10 பைசா என்று ஏர்டெல் அறிவித்தது, 75 எம்.பி.க்கு 75 ரூபாய் என்ற தனித் தொகுப்பும் வந்தது. கணக்கிட்டால் 3ஜியில் ஒரு எம்.பி.க்கு 4 ரூபாய் ஆகிறது. செயலியில் பேசும் நிமிடத்துக்கு, அன்றைய சாதாரண அழைப்பைவிட அதிகம் செலவாகும். நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. சில நாட்களிலேயே அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சில் வெளியிட்ட ஆலோசனை அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை மாற்றுவதை 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் தடை செய்தது.

எதிர்த் திசையில் போன நாடுகளும் உண்டு. அதன் சுமையைத் தமிழர்கள் நேரடியாகவே அறிவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஸ்கைப், வாட்ஸ்அப் அழைப்புகள் தடுக்கப்பட்டிருந்த நிலையில், எடிசலாட், டூ என்ற இரு நிறுவனங்களும் 2018 தொடக்கத்தில் ‘இணைய அழைப்புத் திட்டம்’ என்ற பெயரில் கைப்பேசிக்கு மாதம் 50 திர்ஹம் என விலை வைத்து, போட்டிம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட செயலிகளை மட்டும் திறந்துவிட்டன. ஏற்கெனவே பணம் கட்டி வாங்கிய டேட்டாவின் மேல் இன்னொரு கட்டணம் இது. மனைவி மக்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காகக் கட்டடத் தொழிலாளர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து தர வேண்டியிருந்த இந்தத் தொகையை நியாயப்படுத்தும் தொழில்நுட்பக் காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. பக்கத்து நாடான சவூதி அரேபியா 2017 செப்டம்பரிலேயே இத்தகைய தடையை நீக்கிவிட்டது.

இந்தியாவில் கணக்கையே மாற்றியது ஜியோ. 2016 செப்டம்பர் 5 அன்று வணிகச் சேவையைத் தொடங்கிய அந்நிறுவனத்திடம் 2ஜியோ 3ஜியோ இல்லை. குரல் என்றால் வோல்ட்டி மட்டுமே. வோல்ட்டி வசதி இல்லாத கைப்பேசிகளுக்காக ‘ஜியோ ஜாயின்’ என்று தொடங்கிப் பின்னர் ‘ஜியோ 4ஜி வாய்ஸ்’ என்று பெயர் மாறிய ஒரு செயலியை அது தந்தது. செயலி என்றாலும், அதிலிருந்து எந்த நிறுவனத்தின் எண்ணுக்கும் அழைக்கலாம். அழைக்கப்பட்டவருக்கு வழக்கமான எண்ணே தெரியும். குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததைப் பலர் சலுகையாகப் பார்த்தார்கள். பைட் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது செலவை ஒட்டிய முடிவாகவே தெரிந்திருக்கும். 170 நாட்களில் 10 கோடி வாடிக்கையாளர்களை எட்டியதாக ஜியோ அறிவித்தது. 2017 செப்டம்பரில் ஏர்டெல் மும்பையில் வோல்ட்டியைத் தொடங்கியது.

ஆனால் புதிய வலைப்பின்னல் பழையவற்றோடு கைகோத்துத்தானே ஆக வேண்டும்? ஜியோவின் பொட்டல அழைப்பு, மற்ற நிறுவனங்களின் வாசலில் பழைய சுற்று வடிவத்துக்கு மாற்றப்பட்டு, ‘இணைப்புப் புள்ளி’ எனப்படும் இடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அந்தப் புள்ளிகளைப் போதிய அளவில் தரவில்லை என்று ஜியோ புகார் செய்தது. இலவச அழைப்பு வெள்ளத்தைத் தாங்க முடியாது என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். 2016 அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. அழைப்பை ஏற்று முடித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தர வேண்டிய கட்டணம் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 2017 அக்டோபரில் 6 பைசாவாகி, 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீங்கியது. இடையில் 2019 அக்டோபரில், மற்ற நிறுவன எண்களுக்கான அழைப்புக்கு ஜியோவே அந்த 6 பைசாவைத் தன் வாடிக்கையாளர்களிடம் வசூலித்தது.

இந்தச் சண்டையை வெறும் வணிகப் போட்டியாக நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. நிறுவனங்கள் எவ்வளவு முரண்பட்டாலும், ஒருவரின் வாடிக்கையாளருடைய அழைப்பை மற்றவர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கடமை அங்கே சட்டப்படி இருந்தது. அதை மீறினால் தண்டிக்கக் கேட்கும் ஆணையமும் இருந்தது. வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னல் செயலிக்கோ, டெலிகிராமிலிருந்து ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலிக்கோ அழைப்பு போகாததைப் பற்றிப் புகார் செய்ய இந்தியாவில் அலுவலகம் எதுவும் கிடையாது.

வீட்டு வைஃபையும் வாடகை வலைப்பின்னலும்

டவர் எட்டாத இடத்தில் நிறுவனத்தின் அழைப்பை இணைய இணைப்பு வழியே கொண்டுவருவது அடுத்த படி. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை அழைப்பை அறிமுகப்படுத்தின. கைப்பேசி, வீட்டிலுள்ள எந்த நிறுவனத்தின் பிராட்பேண்டாக இருந்தாலும் அதன் வழியே, தன் சிம் நிறுவனத்தின் வாயில் வரை குறியாக்கம் செய்யப்பட்ட ஒரு சுரங்கத்தை அமைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வோல்ட்டி அழைப்பில் நடப்பதேதான். தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே இருக்கும் தரைத்தள வீடுகளில் மொட்டை மாடிக்கு ஓடிப் பேசிய வழக்கம் இதனால் குறைந்தது. இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது: டவருக்கும் கைப்பேசிக்கும் இடையே கிடைக்கும் முன்னுரிமை பிராட்பேண்டில் கிடைக்காது. வீட்டு இணைப்பு நெரிசலில் இருந்தால் இந்த அழைப்பும் செயலி அழைப்பைப் போலவே திணறும்.

இதைவிடத் துணிச்சலான முயற்சி பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ‘விங்ஸ்’. இணைய வசதியை ஒருவரிடமும் தொலைபேசிச் சேவையை மற்றொருவரிடமும் பெறலாம் என்று டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரைத்ததை அடுத்து, 2018 ஜூலையில் விங்ஸ் வந்தது. ஆண்டுக்கு 1,099 ரூபாய், சிம் தேவையில்லை, ஒரு செயலியில் பத்து இலக்க எண் கிடைக்கும், எந்த நிறுவனத்தின் இணையத்திலிருந்தும் இந்தியாவின் எந்த எண்ணுக்கும் பேசலாம். 2002-இல் எழுப்பப்பட்ட சுவர் இங்கேதான் இடிந்தது. தனியார் நிறுவனங்களின் சங்கம் கடுமையாக ஆட்சேபித்தது. சேவை பெருமளவில் பரவவில்லை. அதற்குள் ஜியோவும் மற்றவர்களும் வரம்பற்ற அழைப்பைப் பெரும்பாலான ரீசார்ஜ்களிலும் சேர்த்துவிட்டதால், மலிவு என்ற ஒரே ஈர்ப்பு காலாவதியாகியிருந்தது. ஆயினும் அது நிலைநாட்டிய கொள்கை முக்கியமானது: எண் தருகிறவரும் பாதை தருகிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை.

செய்தியில் நேர்ந்தது

குரலில் நிறுவனங்கள் மீண்டு வந்த கதையைச் செய்தியில் காண முடியாது. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் எஸ்.எம்.எஸ். போனது முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், செலவே இல்லாமல் வருமானம் தந்த சேவை அது. சமிக்ஞைத் தடத்தில் மிச்சமிருந்த இடத்தில் 160 எழுத்தை ஏற்றி அனுப்பியதற்கு ஒரு ரூபாய் வரை வாங்கினார்கள். தமிழில் அடித்தால் ஒரு செய்தி 70 எழுத்துக்குள் முடிந்துவிடும். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. பொங்கல், தீபாவளி, புத்தாண்டு நாட்களில் சலுகைத் தொகுப்பு செல்லாது என்று வைத்து, வாழ்த்து அனுப்பத் துடிக்கும் நாளில் முழுக் கட்டணம் பிடித்தார்கள். வாடிக்கையாளர் மனத்தில் சேர்ந்த கசப்பு கொஞ்சமல்ல. தொல்லைச் செய்திகளைத் தடுக்க 2011 செப்டம்பரில் நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். என்ற வரம்பு வந்து, பின்னர் 200 ஆனது. 2009-இல் பிறந்த வாட்ஸ்அப்புக்கு இதைவிடச் சாதகமான சூழலை யாரும் திட்டமிட்டு உருவாக்கியிருக்க முடியாது.

நிறுவனங்கள் இதை முன்கூட்டியே உணராமல் இல்லை. படம், குழு உரையாடல், படித்துவிட்டாரா என்ற குறி எல்லாம் அடங்கிய ஆர்.சி.எஸ். என்ற தரத்தை 2008-லேயே ஜி.எஸ்.எம்.ஏ. கையில் எடுத்தது. 2012-இல் ஸ்பெயினில் ‘ஜாயின்’ என்ற பொதுப் பெயரில் அது வெளியானது. அதே ஆண்டு இறுதியில் தென்கொரியாவின் மூன்று நிறுவனங்களும் தொடங்கின. ஆனால் 2010 மார்ச்சில் வந்த காக்காவ் டாக் செயலியில் கொரியர்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டிருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொன்றின் வாடிக்கையாளருக்கு அனுப்ப இரு தரப்பும் சேவையைத் தொடங்கி, ஒப்பந்தம் போட்டு, ஒத்திசைவைச் சோதிக்க வேண்டும். செயலிக்கோ ஒரு பதிவிறக்கம் போதும். இந்தியாவில் ஏர்டெல் குழுமமும் சாஃப்ட்பேங்க்கும் சேர்ந்து 2012 டிசம்பரில் கொண்டுவந்த ‘ஹைக்’ செய்திச் செயலி சில ஆண்டுகள் இளைஞர்களிடையே வலம் வந்து, 2021 ஜனவரியில் மூடப்பட்டது. ஜப்பானில் டோகோமோ, கே.டி.டி.ஐ., சாஃப்ட்பேங்க் மூன்றும் 2018 மே மாதம் ‘பிளஸ் மெசேஜ்’ என்று கூட்டாகத் தொடங்கியபோது, லைன் செயலிக்கு ஏறக்குறைய ஏழு வயதாகியிருந்தது.

மிச்சத்தைக் கூகுள் முடித்துவைத்தது. 2015-இல் ஜைப் மொபைல் என்ற நிறுவனத்தை வாங்கி, 2016-இல் ஜி.எஸ்.எம்.ஏ. வெளியிட்ட பொது வரையறையை ஆதரித்து, 2019 ஜூனில் பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நிறுவனங்களுக்காகக் காத்திராமல் தானே நேரடியாகச் சேவையைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நான்கு பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென ஒரு கூட்டுச் சேவை வரும் என்று அறிவித்தன. 2021 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 2024 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 18 வழியாக ஆப்பிளும் ஆர்.சி.எஸ்.ஸை ஏற்றதால், சிம் நிறுவனம் ஆதரிக்கும் இடங்களில், ஐபோனும் ஆண்ட்ராய்டும் எந்தச் செயலியும் நிறுவாமல் நல்ல தரத்தில் படம் அனுப்பிக்கொள்ள முடிகிறது. தரம் தொலைபேசி நிறுவனங்களுடையது. வழங்கிகளில் பெரும்பகுதி கூகுளுடையது. எண்ணோடு கட்டப்பட்டிருப்பதுதான் இந்தச் சேவையைப் பதினாறு ஆண்டுக் குழப்பத்துக்குப் பிறகும் உயிரோடு வைத்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் அதற்கு ஒரு கறையும் ஒட்டிக்கொண்டது. கடன் விளம்பரம், காப்பீட்டு விளம்பரம் என்று படத்தோடு வந்து குவிந்த வணிகச் செய்திகளால் மக்கள் எரிச்சலடைந்து, ஆர்.சி.எஸ். வரும் ‘சாட்’ வசதியையே அணைக்கத் தொடங்கினார்கள். 2022-இல் கூகுள் இந்தியாவில் அத்தகைய விளம்பரங்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பும் வணிகர்கள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி பெயரையும் வாசக வடிவத்தையும் பதிவு செய்தாக வேண்டும். புதிய வழிக்கு அந்தக் கட்டுப்பாடு முழுமையாக வந்து சேராத இடைவெளியில்தான் இந்தத் தொல்லை நுழைந்தது.

யார் கேட்கலாம், யார் பொறுப்பு

நிறுவனத்தின் இணையவழி அழைப்பில் ஒரு பெரிய குறை உண்டு. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. வோல்ட்டியில் குறியாக்கம் கைப்பேசிக்கும் டவருக்கும் இடையே இருக்கும். வைஃபை அழைப்பில் கைப்பேசிக்கும் நிறுவனத்தின் வாயிலுக்கும் இடையே. அதற்குள் போனதும் குரல் திறந்த நிலைக்கு வந்துவிடுகிறது. அரசின் சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கு வழிசெய்வது உரிமத்தின் நிபந்தனை. முன்பு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம். வாட்ஸ்அப்போ, பேசும் இருவரைத் தவிர நடுவில் யாரும் திறக்க முடியாத முனைக்கு முனை குறியாக்கத்தை 2016 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் தருகிறது. சட்டப்படி வைத்த வாசலில் சட்டத்துக்குப் புறம்பானவர்களும் நுழைய முடியும் என்பதற்கு 2024-இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட ஊடுருவல் சான்று. பெரிய தொலைபேசி நிறுவனங்களின் உள்ளமைப்புகளுக்குள் சீன அரசோடு தொடர்புடைய குழு புகுந்திருந்ததை அடுத்து, அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, குறிவைக்கப்படக்கூடிய உயர் நிலையினரை முனைக்கு முனை குறியாக்கம் உள்ள செயலிகளுக்கு மாறும்படி 2024 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில் ஜி.எஸ்.எம்.ஏ. ஆர்.சி.எஸ். வரையறையிலேயே அத்தகைய குறியாக்கத்தைச் சேர்த்திருப்பது, செய்தியளவிலாவது இந்தக் குறை சரிசெய்யப்படக்கூடியது என்று காட்டுகிறது. குரலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு வழக்கத்தில் இல்லை.

‘ஒரே சேவைக்கு ஒரே விதி’ என்று தொலைபேசி நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. செயலிகளுக்கெனத் தனி ஒழுங்குமுறை இப்போதைக்குத் தேவையில்லை என்று டிராய் 2020 செப்டம்பரில் சொன்னது. 2023-இல் மீண்டும் ஆலோசனை தொடங்கியது. இந்தக் கோரிக்கைக்குள் இரண்டு வேறு விஷயங்கள் பொதிந்திருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செயலிகள் தங்கள் வருமானத்தில் பங்கு தர வேண்டும் என்பது ஏற்கத்தக்கதன்று. அவற்றைப் பயன்படுத்துவதற்காகத்தான் மக்கள் டேட்டா வாங்குகிறார்கள், அந்தப் பணம் ஏற்கெனவே நிறுவனங்களுக்குப் போய்விட்டது. ஆனால் தொலைபேசி எண்ணை அடையாளமாக வைத்துக்கொண்டு இயங்கும் சேவை, அந்த எண்ணைக் கொண்டு நடக்கும் மோசடிக்கு ஓரளவு பொறுப்பேற்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை இந்தத் திசையில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை உள்ளிட்ட செயலிகள், பதிவு செய்த சிம் கைப்பேசியில் இருக்கும்போது மட்டுமே இயங்க வேண்டும், கணினி உலாவியில் திறந்த கணக்குகள் ஆறு மணி நேரத்துக்குள் தானாக வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்திய எண்ணில் பதிவு செய்துவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்து ஏமாற்றும் கும்பல்களைத் தடுப்பது இதன் நோக்கம். நோக்கம் சரியானதே. ஆனால் சென்னையில் வாங்கிய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு சிங்கப்பூர் சிம் போட்டு, பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப்பில் குடும்பத்தோடு பேசும் லட்சக்கணக்கான சாதாரண மனிதர்களும் இந்த வலையில் விழுவார்கள் என்பதை உத்தரவு எழுதியவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

பழைய வசதிகள் விடைபெறும்போது

இணையவழிக்கு மாறுவதன் இழப்புகளும் கணக்கில் வைக்கப்பட வேண்டும். செப்புக் கம்பியில் வந்த தரைவழித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே, 48 வோல்ட் அளவில், அதே கம்பி வழியே வந்தது. வீட்டில் மின்வெட்டு என்றாலும் பேசலாம். ஃபைபர் இணைப்பில் வரும் தரைவழி எண், வீட்டிலுள்ள மோடத்துக்கு மின்சாரம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். ஒவ்வோர் ஆண்டும் புயல் மழையில் மணிக்கணக்காக மின்சாரம் போகும் கடலோர மாவட்டங்களில் தனியே வாழும் முதியவர்களுக்கு இது சிறிய மாற்றமன்று. இணைப்பு கொடுக்க வரும் ஆள் இதைச் சொல்வதும் அரிது. பிரிட்டனில் பழைய இணைப்புகளை நிறுத்தும் இறுதி நாள் 2025-லிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனதற்கு, வயதானோர் வீடுகளில் கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் இயங்குமா என்ற கவலை முக்கியக் காரணமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டபோது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. சில கைப்பேசிகள் சாதாரண அழைப்பை வோல்ட்டியில் செய்யும். ஆனால் அந்நாட்டு அவசர எண்ணான 000-ஐ அழைத்தால் மட்டும் பழைய வலைப்பின்னலைத் தேடும்படி வடிவமைக்கப்பட்டிருந்தன. 3ஜி போய்விட்டால் அவற்றின் உரிமையாளர் ஆபத்துவேளையில் கைவிடப்படுவார். அத்தகைய கருவிகளைத் தங்கள் வலைப்பின்னலில் சேர்க்கவே கூடாது என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசு உத்தரவிட்டது.

இந்தியாவில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 2ஜியை இன்னும் நடத்துகின்றன. பட்டன் போனை மட்டுமே வைத்திருக்கும் கோடிக்கணக்கானோர் அதை நம்பியிருக்கிறார்கள். அதை மூட வேண்டும் என்று ஜியோ பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறது. 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் 2017-இல் வந்த ஜியோபோன், பட்டன் போனிலும் வோல்ட்டி சாத்தியம் என்று காட்டியது. மூடும் நாள் குறிக்கப்படும்முன், விற்பனையில் உள்ள ஒவ்வொரு கைப்பேசி மாதிரியும் 112-ஐ ஒவ்வொரு நிறுவனத்தின் வோல்ட்டியிலும் அழைக்கிறதா என்று சோதித்து அந்தப் பட்டியலை வெளியிடுவதும், தேறாத கருவியை வைத்திருப்பவருக்கு அவர் மொழியிலேயே முன்கூட்டித் தகவல் தந்து மாற்றுக் கருவிக்கு வழிசெய்வதும் உரிமம் வழங்கிய துறையின் வேலை.